இரண்டாம் விதைப்பும் விளையும்



தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் ஊர்களில் இருவகை வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டில் வாசல் திறந்திருக்கும். வருவோர்க்கெல்லாம் இனிப்பு வழங்குவர். மற்றொரு வீட்டில் பட்டப்பகலிலேயே கதவு சாத்தப்பட்டிருக்கும். உள்ளே தந்தை ஒரு மூலையில், தாய் அடுப்படியில், பிள்ளை போர்வைக்குள். முதல் வீட்டைப் பற்றி எழுதப் பலர் உளர். இம்மாதம் நான் இரண்டாவது வீட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பங்குப் பணியில் பல்லாண்டுகளாக வீடுகளைச் சந்தித்து வரும் எனக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. "சாமி, இவளுக்கு டாக்டர் படிப்பு என்றுதான் சிறு வயதிலிருந்தே ஆசை. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். நீட் தேர்வில் கிடைக்கவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. சேர்த்தோம். அதிலும் முதல் பருவத்திலேயே மூன்று பாடம் போய்விட்டது. இனி மருத்துவம் என்ற பேச்சே வேண்டாம் என்று இவள் சித்தப்பா சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" இப்படிக் கேட்பவர் ஒருவரல்லர். பிள்ளையின் பெயரும் பாடத்தின் பெயரும் மாறும், கேள்வி மாறுவதில்லை.

கல்லூரி வாழ்வின் தொடக்கம் தடுமாறிப் போனால் மருத்துவக் கல்லூரியின் கதவு என்றென்றைக்கும் மூடப்பட்டுவிடுமா? இக்கேள்விக்கு ஆறுதல் மொழியாக மட்டும் விடை கூறுவது தகாது. நடந்தவற்றைக் கண்டு, இன்றுள்ள விதிகளையும் அறிந்து, அதன் பின்னரே விடை கூறுதல் முறை.

ஆத்தூர்ப் பகுதியினராகிய நமக்கு எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. அதன் வழியே பேருந்தில் செல்லும் நம்முள் எத்தனை பேர், அதை நிறுவிய அம்மையார் எந்த வயதில், எந்த நிலையில் மருத்துவம் பயின்றார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1904ஆம் ஆண்டு பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். செல்வத்திற்குக் குறைவில்லை. ஆயினும் அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் சௌந்தரராசன் ஒரு மருத்துவர். பிளேக் நோய் அவரை இளமையிலேயே கொண்டு சென்றது. அந்நாளில் அக்குலத்தில் கைம்பெண்ணுக்கு வகுக்கப்பட்டிருந்த இடம் எது என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். வீட்டின் பின்கட்டே அவர்களது உலகம். நல்ல காரியங்களில் முன்னே வரலாகாது. அப்படிப்பட்ட காலத்தில் பெற்றோர் அம்மகளைப் படிக்க வைக்கத் துணிந்தனர். விட்டுப்போன கல்வியை மீண்டும் தொடங்கி, தொலைதூரத்துத் தில்லியில் இருந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார் அவர். பெண்களுக்கென்றே 1916ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கல்லூரி அது. அங்கே அவருக்குத் தோழியாய் வாய்த்த சுசீலா நய்யார் அவரினும் பத்து ஆண்டு இளையவர். அந்தத் தோழியின் வழியாகவே காந்தியடிகளின் தொடர்பும் கிட்டியது.

1936ஆம் ஆண்டு சௌந்தரம் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. 'இருபத்து மூன்றில் டாக்டராக வேண்டும். இல்லையேல் வாழ்வே பாழ்' என்று கணக்குப் போடும் இன்றைய பெற்றோர் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று. 1940ஆம் ஆண்டு அவர் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். 1947ஆம் ஆண்டு இருவரும் காந்திகிராமத்தை நிறுவினர். சிற்றளவில் தொடங்கிய மருத்துவப் பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. நம் பகுதியில் எத்தனையோ தாய்மார் பிள்ளை பெற்று நலமாய் வீடு திரும்பிய இடம் அது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இதே ஆத்தூர்த் தொகுதி அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது. 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று, மத்தியக் கல்வித் துறையின் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1984ஆம் ஆண்டு மறைந்தார். படிப்பைத் தொடங்க வேண்டிய வயதில் தொடங்க இயலாத ஒருவரின் கணக்கு இது.

'அவர் செல்வர் வீட்டுப் பெண், வயதுதான் தடை, அறிவுக்கு என்ன குறை?' என்று கேட்பவர் இருக்கலாம். தேர்விலேயே தோற்றவர் ஒருவரையும் காண்போம்.

எல்லப்பிரகத சுப்பராவ் 1895ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எளிய குடும்பம். படிப்பில் மனம் ஒட்டாமல் காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று வீட்டை விட்டு ஓடிய சிறுவன் அவர். தாய் பிடித்திழுத்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறையே தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரி. அதன் பின் சென்னை மருத்துவக் கல்லூரி. இடையில் சகோதரர் இருவர் வயிற்று நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர்.

மருத்துவக் கல்லூரியில் நுழைந்த பின்னும் அவருடைய பாதை சீராகவில்லை. கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்பிற்கு வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. அரசு மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராயிருந்து, பின்னர் அமெரிக்கா சென்று, இரவில் மருத்துவமனை ஊழியராய் வேலை செய்துகொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1925ஆம் ஆண்டு, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளவைக் கணிக்கும் முறையைப் பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து வெளியிட்டார். உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை அடையாளம் காண்பதில் அவருக்குப் பங்குண்டு. யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் ஊர்களில் வழங்கப்படும் டை எத்தில் கார்பமசைன் மாத்திரை அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுவிலிருந்து வந்ததே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணிக்க 1947ஆம் ஆண்டு முதன்முதலில் பயன்பட்ட அமினாப்டெரின் மருந்தும் அவ்வாறே. அவர் 1948ஆம் ஆண்டு மறைந்தார். மெட்ரிகுலேசனில் இருமுறை தோற்ற மாணவனை அன்று வீட்டார் 'உருப்படாதவன்' என்று கைகழுவியிருந்தால், இழப்பு அந்த வீட்டிற்கு மட்டுமா?

மூன்றாவதாக, தகுதியிருந்தும் வாசலிலேயே தடுக்கப்பட்ட ஒருவர்: புதுக்கோட்டை முத்துலட்சுமி. 1886ஆம் ஆண்டு பிறந்த அவர் தனித் தேர்வராக எழுதி மெட்ரிகுலேசன் தேறினார். 1904ஆம் ஆண்டு மகாராசா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆடவர் கல்லூரியில் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவர் தாய் பிறந்த குலத்தைச் சுட்டிக் காட்டியும் சிலர் தடுத்தனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்த பின்னரே இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புடன் தேறினார். பின்னாளில் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராய் விளங்கியவரும், 1954ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயற்படக் காரணமாயிருந்தவரும் அவரே.

காலம் கடந்து வந்தவர் ஒருவர். தேர்வில் தோற்று வந்தவர் ஒருவர். வாசலில் தடுக்கப்பட்டு வந்தவர் ஒருவர். மூவர் வாழ்விலும் பொதுவாய் நிற்பது எது? ஒப்பற்ற மூளை என்று சொல்லி நாம் நழுவிவிடலாகாது. மூவருக்கும் வீட்டில் ஒருவர் துணை நின்றார். கைம்பெண்ணான மகளைத் தில்லிக்கு அனுப்பினர் பெற்றோர். ஓடிப்போன மகனை மீட்டு வந்தார் தாய். கல்லூரி முதல்வராயிருந்த தந்தை தம் மகளின் கல்விக்குத் துணை நின்றார். தோல்வியுற்ற பிள்ளைக்கு முதலில் வேண்டுவது பயிற்சி நிலையம் அன்று. 'நீ எங்கள் பிள்ளை' என்று சொல்லும் ஒரு குரலே.

இனி இக்கால நிலைமைக்கு வருவோம். முன்பு நம் நாட்டில் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டுப் படிப்பு இருந்தது. பதினோராம் வகுப்பு வரை தமிழில் பயின்ற கிராமத்துப் பிள்ளை கல்லூரிக்குச் சென்றதும் இயற்பியலும் வேதியியலும் ஆங்கிலத்தில் பொழியப்படும். மொழி பிடிபடுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். மருத்துவக் கனவும் அத்துடன் முடிந்துவிடும். 1978ஆம் ஆண்டு மேனிலைப் படிப்பு வந்தபோது அந்த ஓராண்டு இரண்டாண்டாயிற்று. 1984இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அது நீக்கப்பட்ட பின் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றிய வழக்கும் வாதமும் நாடறிந்தவை. அவற்றுள் நான் புக விரும்பவில்லை. அத்தேர்வு இருக்கும் வரை, அதன் விதிகளை நம் பிள்ளைகள் சரியாக அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

முதலாவது, கல்லூரியில் விழுந்த அரியர் மருத்துவச் சேர்க்கைக்கான மதிப்பெண்ணில் சேராது. பிளஸ் டூவில் உரிய பாடங்களில் தகுதி பெற்று, நீட் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. சென்ற ஆண்டின் குறைந்த மதிப்பெண் இவ்வாண்டின் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நான்காண்டுப் பட்டப் படிப்பு முடித்த பின்னரே மருத்துவக் கல்லூரி. முதலாண்டில் தடுமாறிய மதிப்பெண் கடைசி வரை கணக்கில் நிற்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறிக் காட்டினால்தான் அதன் நிழல் விலகும். நம் பிள்ளைக்கு அந்தச் சுமை இல்லை. இதை அறியாமல், 'அரியர் வைத்தவளுக்கு மருத்துவமா?' என்று பேசுவோர் பிள்ளையின் நெஞ்சில் இல்லாத சுமையை ஏற்றுகின்றனர்.

இரண்டாவது, வயது. நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022ஆம் ஆண்டு அறிவிப்பின்படி நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே, 2020ஆம் ஆண்டு ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் அறுபத்து நான்காம் வயதில் எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்ந்தார். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதன்று. பத்தொன்பது வயதில் 'காலம் போய்விட்டது' என்று அழும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, நம் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் பலர் இதனால் மருத்துவ மாணவராயினர். இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வுரிமை போய்விடும் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்க. 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல்லும் ஒன்று. சௌந்தரம் அம்மையார் தில்லி வரை செல்ல வேண்டியிருந்தது. நம் பிள்ளைக்கு ஆத்தூரிலிருந்து ஒரு மணிப் பயணத்திற்குள் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இவ்வளவும் நம்பிக்கை தரும் செய்திகள். மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2024ஆம் ஆண்டு நீட் தேர்வு எழுதியோர் 23 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்தைச் சற்றே கடந்தவை. 'முயன்றால் எல்லாருக்கும் கிடைக்கும்' என்று எவரேனும் கூறினால் அவர் கணக்கு அறியாதவர். அல்லது எதையோ விற்க வந்தவர்.

ஆகவே இரண்டாம் முயற்சி எப்படி அமைய வேண்டும்? நம் உழவரிடமே கற்றுக்கொள்வோம். குடகனாற்றுப் பாசனத்தில் விதைத்த முதல் விதை முளைக்கவில்லை என்பதற்காக எவரும் வயலை விற்றுவிடுவதில்லை. ஆனால் அதே விதையை, அதே பக்குவத்தில், கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் தூவுவதும் இல்லை. மண்ணைக் கிளறிப் பார்க்கின்றனர். ஈரம் போதவில்லையா, விதை பழுதா, எறும்பு கொண்டு போயிற்றா என்று ஆராய்கின்றனர். அதன் பின்னரே மறுவிதைப்பு.

பிள்ளையின் தடுமாற்றத்திற்கும் காரணம் உண்டு. தமிழில் பயின்றவளுக்கு ஆங்கில விரிவுரை விளங்கவில்லையா? விடுதி வாழ்வில் தனிமை வாட்டியதா? கண்பார்வைக் குறைவோ இரத்தசோகையோ இருந்து எவரும் கவனிக்கவில்லையா? விரும்பாத பாடத்தில் வீட்டார் சேர்த்துவிட்டனரா? அல்லது, சொல்லத் தயங்கும் காரணம் ஒன்று: மருத்துவம் பிள்ளையின் ஆசையே அன்று, தந்தையின் ஆசையா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால், அங்கேயே நிறுத்திக்கொள்வது பிள்ளைக்கும் நன்று. நாளை அப்பிள்ளையிடம் வரவிருக்கும் நோயாளிகளுக்கும் நன்று.

காரணம் இன்னதென்று தெரிந்து, ஆசையும் பிள்ளையுடையதே என்று தெளிந்தால், ஓராண்டு கொடுங்கள். தேவையானால் இன்னும் ஓராண்டு. எத்தனை முயற்சி என்பதைத் தொடங்கும் முன்னரே பிள்ளையுடன் அமர்ந்து முடிவு செய்யுங்கள். இயலுமானால் பட்டப் படிப்பை விட்டுவிடாமல் அரியரையும் முடிக்கட்டும்; ஒரு கால் தரையில் இருந்தால்தான் மறு காலைத் தூக்க இயலும். பிளஸ் டூ உயிரியல், வேதியியல், இயற்பியல் புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படிக்கட்டும். அடித்தளம் ஆடும்போது மேல்மாடிக்குச் சாயம் பூசிப் பயனில்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என முதலாண்டே மலைபோல் நிற்கும். அவ்வாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகளே உண்டு. இங்கே வளரும் படிப்புப் பழக்கமே அங்கும் துணை செய்யும்.

நிலத்தை விற்காதீர்கள். தங்கையின் திருமணத்திற்கு வைத்த நகையை அடகு வைத்து அந்த வட்டியைப் பிள்ளையின் தலைமேல் ஏற்றாதீர்கள். வெளிநாட்டில் எளிதாய் இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகரிடம் பணம் கொடுக்கும் முன் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். வெளிநாட்டில் பயிலவும் நீட் தகுதி வேண்டும். படிப்பு ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதங்களும், அதன்பின் அங்கேயே ஓராண்டுப் பயிற்சியும் உடையதாய் இருத்தல் வேண்டும். முடித்துத் திரும்பியவர் இங்கும் ஒரு தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும். இவற்றைச் சொல்லாத தரகர் நம் நலம் நாடுபவர் அல்லர்.

முயன்றும் கிட்டாவிட்டால்? நோயாளியின் கட்டில் அருகே நிற்பவர் மருத்துவர் ஒருவரே அல்லர். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகத்தார், இயன்முறை மருத்துவர் என எத்தனையோ பேர் நின்றால்தான் ஓர் உயிர் பிழைக்கிறது. அப்படிப்புகளை 'கிடைக்காதவர்களுக்கு' என்று இழிவாய்ப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டும். நள்ளிரவில் நம் தந்தையின் மூச்சு திணறும்போது முதலில் ஓடி வருபவர் செவிலியரே.

இறுதியாக ஒன்று, இதை மிகுந்த வேதனையுடன் எழுதுகிறேன். தேர்வுத் தோல்விக்காகத் தம் உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்தி நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் வருகிறது. அச்சொற்களை நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அவ்வீட்டில் திருப்ப முடியாத பக்கம் அது. உங்கள் பிள்ளை உண்ண மறுத்தால், உறங்காமல் கிடந்தால், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்' என்பது போன்ற சொல்லைச் சொன்னால், அதைக் கோபமாய்க் கொள்ளாதீர்கள்; தனியே விடாதீர்கள். 104 என்னும் எண்ணிலோ 14416 என்னும் எண்ணிலோ அழைத்தால் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும். அழைப்பது வெட்கமன்று. அத்தை மகனுடன் ஒப்பிட்டுப் பேசுவதை அன்றைக்காவது நிறுத்துங்கள். உறவினர் கேட்டால், 'எங்கள் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறாள்' என்ற ஒரு விடை போதும். அது பொய்யும் அன்று.

என்னிடம் கேட்கும் பெற்றோர்க்கு நான் கூறும் விடை இதுவே: கதவு மூடப்படவில்லை, ஆனால் குறுகலானது. அதன் வழியே நுழைய உங்கள் பிள்ளைக்கு உரமும் காலமும் வேண்டும். காலத்தை விதிகள் கொடுத்திருக்கின்றன. உரத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். இந்த ஆண்டு உங்கள் வீட்டுக் கதவு சாத்தப்பட்டிருந்தால், இன்று மாலையே அதைத் திறந்து வையுங்கள். பிள்ளையை அழைத்து உடன் அமர்த்திச் சோறு போடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சு நாளைக்கு இருக்கட்டும்.